கரிசலில் காட்சி தேடுதல்

மலையழகைப் படம்பிடிக்கப் புறப்படுவோர் பலர் கோவில்பட்டிக் கரிசற் காட்டை இரயில் சன்னல் வழியே கண்டு கடந்துவிடுகின்றனர். அடர்மரமும் அருவியும் இல்லாத இந்நிலத்தில், இடத்தைவிடப் பருவமும் பொழுதுமே காட்சியைத் தீர்மானிக்கின்றன.

சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே மண், ஐப்பசி மழையில் விதைப்புக் கண்டு மார்கழியில் பசுமை போர்த்து நிற்கும். மழை ஓய்ந்து தூசி அடங்கிய காலையில் கழுகுமலைப் பாறைமீது ஏறுங்கள். கீழே கரிசல் விரிந்திருக்கும். கீழ்வானக் கதிர் நேரே படுவதால், தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலை தெளிந்து தோன்றும். அக்குன்றிலேயே, 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மேலிருந்து கீழாகச் செதுக்கி, முற்றுப்பெறாது நின்ற வெட்டுவான் கோயிலும் உண்டு. உச்சிவெயிலைவிடச் சாய்ந்த வெயிலிலேயே அதன் சிற்பங்கள் புடைத்துத் தெரியும்.

காமிராவின் ஒளிமானி கரிய மண்ணைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒளியைச் சற்றுக் குறைத்தால்தான் கரிசல் கரிசலாகப் பதியும்.

நேயர்களே! ஈர நிலத்தில் கால் வைக்காது, வரப்பிலேயே நின்று படமெடுங்கள். நமக்குத் தவறிய காட்சி நாளையும் கிட்டும்; வானத்தை நம்பி விதைத்தவனுக்கோ, மிதிபட்ட பயிர் அவ்வாண்டில் மீளாது.