வீட்டில் உருவாகும் விமானமும் எத்தனால் பெட்ரோலும்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு கார் நின்றுவிட்டால் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னே ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, எந்திரத்தின் மூடியைத் திறந்து பார்க்கலாம். அதே பெட்ரோலில் இயங்கும் எந்திரம் ஏலத்தோட்டங்களுக்கு மேலே, வானில் நின்றுவிட்டால் அண்டக் கொடுக்க அங்கே கல் இல்லை.

இது வெறும் கற்பனை அன்று. இதே இடுக்கி மாவட்டத்தின் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைக் கண்டது முதல் பறத்தலின் மேல் அவருக்குத் தீராத ஆர்வம். பல ஆண்டு உழைப்பில் இரண்டு இருக்கைகள் கொண்ட சிறு விமானத்தைத் தம் கைகளாலேயே உருவாக்கினார். 2014 ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில் அது பறந்து காட்டியது. இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்தில், தேசிய மாணவர் படைக்கென 650 மீட்டர் நீள ஓடுதளம் அமைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அங்கு முதன்முதலாக இறங்கிய 'வைரஸ் எஸ்.டபிள்யூ 80' தொழிற்சாலையில் செய்யப்பட்டதுதான். ஆயினும் அதிலுள்ள 80 குதிரைத்திறன் 'ரோட்டாக்ஸ் 912' எந்திரத்தின் வகையே உலகெங்கும் வீட்டில் உருவாகும் விமானங்கள் பலவற்றிலும் பொருத்தப்படுகிறது.

இவ்வகை எந்திரத்துக்குக் காருக்கு இடும் பெட்ரோலே போதும். விமானத்துக்கென்றே வடிக்கப்படும் 'ஆவ்காஸ்' பெட்ரோல் விலை மிகுந்தது. எளிதில் கிடைப்பதும் இல்லை. 2022 இல் இந்தியன் ஆயில் நிறுவனம் இங்கேயே உற்பத்தி தொடங்கும்வரை அது வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அதில் ஈயமும் உண்டு. ரோட்டாக்ஸ் போன்ற எந்திரத்தில் அந்த ஈயம் கசடாகப் படிவதால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். எனவே கைத்திறன் மிக்க விமான ஆர்வலர்கள் சாலையோரப் பெட்ரோல் பங்கையே நாடுவது இயல்பு.

ஆனால் அந்தப் பங்கில் கிடைக்கும் பெட்ரோல் இன்று பழைய பெட்ரோல் அன்று. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் எத்தனால் என்னும் சாராயம் அதில் கலக்கப்படுகிறது. 2022 இல் 10 விழுக்காடாக இருந்த கலவை, 2025 இல் 20 விழுக்காட்டை எட்டியது. இறக்குமதிச் செலவு குறைகிறது, உழவருக்கு வருவாய் கிடைக்கிறது. சாலைக்கு இது நல்ல ஏற்பாடே. வானத்தின் கணக்கு வேறு. தன் 912 வகை எந்திரங்களுக்கு ரோட்டாக்ஸ் நிறுவனம் ஒப்புக்கொள்ளும் எத்தனால் அளவு 10 விழுக்காடு மட்டுமே.

எத்தனால் நீரை விரும்பி ஈர்க்கும் பொருள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தூய பெட்ரோலில் நீர் கலக்காது. தொட்டியின் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னர் விமானி அடித்திறப்பில் சிறிது எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்து அந்நீரை வெளியேற்றிவிடுவார். எத்தனால் கலந்த பெட்ரோலிலோ நீர் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். 10 விழுக்காட்டுக் கலவையின் ஒரு லிட்டரில், 15 பாகை வெப்பத்தில், ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் நீர் இவ்வாறு ஒளிந்திருக்க இயலும். வெப்பம் குறையக் குறைய அந்தக் கொள்ளளவும் குறையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை தணியும். மூவாயிரம் மீட்டர் ஏறினால் இருபது பாகை. கம்பத்தின் வெயிலில் புழுங்கியவர் கம்பம்மெட்டில் போர்வை தேடுவதும் இதனாலேயே. தரையில் தெளிவாக இருந்த எரிபொருள் வானில் குளிர்ந்ததும், கரைந்திருந்த நீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனி அடுக்காக அடியில் இறங்கிவிடலாம். எந்திரத்துக்குச் செல்லும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. மேலே எஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் தரம் தாழ்ந்து நிற்கும்.

இரண்டாவது சிக்கல் தொட்டியைப் பற்றியது. வீட்டில் உருவாக்குவோர் பலர் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு தொட்டியை இறக்கைக்குள்ளேயே வார்த்துவிடுகின்றனர். சில பிசின்களையும், ரப்பர்க் குழாய்களையும், கசிவு அடைக்கும் பசைகளையும் எத்தனால் மென்மையாக்கும், உப்பச் செய்யும். உதிர்ந்த துகள் வடிகட்டியை அடைத்தால் எந்திரம் பட்டினி கிடக்கும். பிசின் எதுவெனத் தேர்ந்தவர் விமானத்தைக் கட்டியவரே. ஆதலால் அதற்குப் பொறுப்பாளியும் அவரே.

மேலும், ஒரு லிட்டர் எத்தனால் தரும் ஆற்றல் பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்கே. 20 விழுக்காட்டுக் கலவையில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு ஆற்றல் குறையும். பறக்கும் தொலைவும் அதற்கேற்பச் சுருங்கும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரின் அளவை மாற்றாவிட்டால் கலவையில் எரிபொருள் குறைந்து எந்திரம் மிகையாகச் சூடேறவும் கூடும்.

இவற்றால் எத்தனாலையே பகை என்று தள்ளிவிடலாகாது. 1989 இல் அமெரிக்கப் பேராசிரியர் மாக்ஸ் ஷாக், வீட்டில் கட்டும் வகையைச் சேர்ந்த 'வெலாசிட்டி' விமானத்தில் எத்தனாலைக் கொண்டே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார். பிரேசில் நாட்டு எம்பரேயர் நிறுவனத்தின் 'இபனேமா' என்னும் பயிர்த்தெளிப்பு விமானம் 2004 இல் எத்தனாலில் பறக்கச் சான்று பெற்றது. அவ்விமானங்களின் எரிபொருள் அமைப்பு எத்தனாலுக்கென்றே வகுக்கப்பட்டது. கேடு விளைவது ஒன்றுக்காக அமைத்ததில் மற்றொன்றை அறியாமல் ஊற்றும்போதுதான்.

அறிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அளவுக்கோடுகள் இட்ட நெடிய கண்ணாடிக் குப்பியில் 10 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, அதன்மேல் 100 என்ற கோடுவரை பெட்ரோலை நிரப்புவர். மூடிக் குலுக்கிச் சற்றுநேரம் அசையாமல் வைத்தால், எத்தனால் பெட்ரோலைவிட்டு நீரோடு சேர்ந்துவிடும். அடியிலுள்ள நீரின் மட்டம் 10 இலேயே நின்றால் எத்தனால் இல்லை என்று பொருள். 19ஐ ஒட்டி ஏறினால் சுமார் 10 விழுக்காடு; 28ஐ ஒட்டி ஏறினால் 20 விழுக்காடு. தீ அண்டாத திறந்த வெளியில் செய்ய வேண்டிய இச்சோதனையைக் கவனமுள்ள விமானிகள் ஒருமுறை செய்து நிறுத்துவதில்லை. ஒவ்வொரு முறை பெட்ரோல் வாங்கும்போதும் குப்பியைக் கையில் எடுக்கின்றனர்.