உஷார்! பூகம்பம் எங்கேயோதானே என்று இருந்துவிடாதீர்கள்

ஃபிளாட் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

2001 ஜனவரி 26. குடியரசு தினம், லீவு நாள். காலை எட்டே முக்கால். பூமி குலுங்கியது கட்ச் பக்கம். அங்கிருந்து அகமதாபாத் 200 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே ஓர் அடுக்குமாடி. கீழே கார் பார்க்கிங், சுவரே கிடையாது, வெறும் பில்லர். அந்த பில்லர்கள் ஒடிந்தன. மேல்மாடிகள் அப்படியே தரையில் உட்கார்ந்தன. அந்த ஒன்று மட்டுமல்ல. நகரில் 700 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

தூரம் காப்பாற்றாது!

படபடவென்ற வேகமான அதிர்வு வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான ஆட்டம் அவ்வளவு சீக்கிரம் தேயாது. இளகிய மண்ணில் அது பெருகும். 1985இல் மெக்சிகோ நகரம் அப்படித்தான் பலத்த அடி வாங்கியது. பூகம்ப மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால். நகரத்தின் அடியிலோ பழைய ஏரிச் சேறு. சுமார் இரண்டு விநாடிக்கு ஒருமுறை அது போய்த் திரும்பியது. அதிகம் அடிபட்டவை நடுத்தர உயரக் கட்டடங்கள்.

பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப ஏறக்குறைய ஒரு விநாடிதானே, அது ஏன் மாட்டிக்கொண்டது? இதுதான் பலருக்குத் தெரியாது. காங்கிரீட் விரிசல்விட்டு, கம்பி இழுபட்டதும் கட்டடம் தளரும். தளர்ந்தால் இன்னும் மெதுவாக ஆடும். கடைசியில் மண்ணின் ஆட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்! (கெட்டிப் பாறைமேல் இதே தளர்ச்சி சில சமயம் தப்பிக்க வைக்கும். மண்ணைப் பொறுத்த விஷயம்.)

ரிக்டர் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு நேரம் ஆடியது? அதுவும் எமன்தான். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாக மடக்கினால், முதல் மடக்கில் ஒடியாதது பத்தாவதில் ஒடியும்.

சென்னையை 2002இல் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு, அதாவது ஆபத்து கூடிய பிரிவுக்கு, ஏற்றினார்கள். தெரியுமா உங்களுக்கு?

பார்க்கிங் தளத்தில் பில்லர் மட்டும் நிற்கிறதா? உஷார்! ஏரி, குளத்தைத் தூர்த்த மனையா? சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். வேலை நடக்கும்போதே போய், பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைப் பாருங்கள். அதன் கொக்கி 135 டிகிரி உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். 90 டிகிரியில் விட்டிருந்தால், வெளிப்பக்கக் காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் பிளந்துவிடும். உள்ளே இருக்கும் கம்பி பிதுங்கிவிடும். ஃபவுண்டேஷனைச் சோதிக்காமல் மேலே இன்னொரு மாடி ஏற்றுகிறார்களா? வேண்டவே வேண்டாம்.

நிலம் ஆடி நின்றபின் பில்லரில் விரிசல் தெரிந்தால் பூசி, பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பின்னதிர்வு வரலாம். இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை குழந்தைகளை உள்ளே அனுப்பாதீர்கள்.