நமது கடை, நமது கணக்கு
தோட்டத்தில் கூட்டுறவுக் கடை அமைப்பது எப்படி?



சம்பளம் கைக்கு வந்த அன்றே அதில் பாதி கடைக்குப் போய்விடுகிறது என்று லயத்துக்கு லயம் பேசிக்கொள்கிறோம். கடைக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. டவுன் விலைக்கும் தோட்டத்துக் கடை விலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் டவுனுக்குப் போய்வர பஸ் காசும் வேண்டும், ஒருநாள் பேரும் போய்விடும். 2022இல் மா, அரிசி, பருப்பு எல்லாம் விலை ஏறியபோது நாம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. பெரியவர்களுக்கு 1973, 1974 பஞ்ச காலமும் நினைவிருக்கும்.

"நமக்கே ஒரு கடை இருந்தா என்ன?" என்று மாதர் சங்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்கான விளக்கத்தை இங்கே தருகிறோம்.

கூட்டுறவுக் கடை என்றால் என்ன?

சங்கம் என்றதும் தொழிற்சங்கம் என்று நினைக்க வேண்டாம். எந்தத் தொழிற்சங்கத்தில் இருப்பவரும் இதில் சேரலாம். கடையில் சாமான் வாங்குகிறவர்களே பங்குப் பணம் போட்டு, அவர்களே சொந்தக்காரராக இருப்பதுதான் கூட்டுறவுக் கடை.

இதற்கு வழிகாட்டியவர்களும் நம்மைப்போல தொழிலாளிகள்தான். இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் 1844ஆம் ஆண்டு துணி நெய்யும் தொழிலாளர்களும் மற்றவர்களுமாக 28 பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுண் பங்கு. அதையும் ஒரேயடியாகக் கட்ட முடியாமல் வாரா வாரம் சில்லறையாகச் சேர்த்தார்கள். அந்த வருடம் டிசம்பர் 21ஆம் திகதி கடை திறந்தபோது மா, சீனி, வெண்ணெய், ஓட்ஸ் மா, மெழுகுதிரி என்று நாலைந்து சாமான்தான் இருந்தது. அவர்கள் வைத்த சட்டங்கள் இன்றும் பொருந்தும்: சரியான நிறை, கலப்படமில்லாத சாமான், கைக்காசு வியாபாரம், ஒருவருக்கு ஒரு வாக்கு, வாங்கியதற்கு ஏற்ப இலாபப் பங்கு.

ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதை நன்றாகக் கவனியுங்கள். பத்துப் பங்கு போட்டவருக்கும் ஒரு வாக்குத்தான், ஒரு பங்கு போட்டவருக்கும் ஒரு வாக்குத்தான்.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் வீடு வீடாகக் கேளுங்கள். மாதம் எவ்வளவு மா, அரிசி, சீனி, பருப்பு, சவர்க்காரம் வாங்குகிறார்கள், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இதைப் பெண்கள்தான் சரியாகச் சொல்வார்கள். ஆகவே நிர்வாகக் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும்.

2. பொதுக்கூட்டம் வைத்து, பங்கு எவ்வளவு என்று தீர்மானியுங்கள். தவணையாகக் கட்டவும் இடம் கொடுங்கள். வாங்கும் பணத்துக்கெல்லாம் பற்றுச்சீட்டு கொடுத்து, சங்கத்தின் பெயரில் வங்கியில் போட வேண்டும். தனி ஆளின் பெயரில் போடவே கூடாது.

3. உங்கள் மாகாணத்தின் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்கள உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். துணைவிதிகளை எழுதவும் கணக்குப் புத்தகம் வைக்கவும் அவர்கள் உதவுவார்கள். தோட்டத்தில் ஏற்கனவே பதிவான கூட்டுறவுச் சங்கம் இருந்தால், அதன் மூலமே கடை நடத்தலாமா என்றும் கேளுங்கள்.

4. கடைக்கு ஓர் அறை வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சு துரை மாறினால் மாறிவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

இது உதாரணக் கணக்கு. உங்கள் தோட்டத்துத் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

100 குடும்பங்கள் மாதம் 8,000 ரூபாவுக்கு வாங்கினால் விற்பனை 8 இலட்சம். நூற்றுக்குப் பத்து வீதம் வைத்தால் 80,000 ரூபா கிடைக்கும். விற்பனையாளர் சம்பளம் 35,000, லொறிக் கூலி 20,000, கரண்ட், பேக் முதலியவற்றுக்கு 5,000, எலி, ஈரம், சிந்துவது என்று 8,000. ஆக மொத்தம் 68,000. மிச்சம் 12,000 ரூபா.

இதே கடையில் 60 குடும்பங்கள் மட்டும் வாங்கினால்? விற்பனை 4,80,000. கிடைப்பது 48,000. சம்பளமும் லொறிக் கூலியும் குறையாது. சேதம் கொஞ்சம் குறைந்தாலும் செலவு 64,800 வரும். மாதம் 16,800 ரூபா நட்டம்! பங்கைப் போட்டுவிட்டு வேறு கடையில் வாங்கினால், நம் பணத்தை நாமே கரைக்கிறோம் என்று அர்த்தம்.

விலையைத் தொடக்கத்திலேயே ரொம்பக் குறைத்துவிடவும் கூடாது. டவுன் விலைக்கு விற்று, வருடக் கடைசியில் மிச்சத்தில் ஒரு பகுதியைச் சேம நிதிக்கு ஒதுக்கி, மீதியை அவரவர் வாங்கியதற்கு ஏற்ப பிரித்துக் கொடுப்பதே பழகிய முறை.

கடன் விஷயம்

மனதுக்குக் கஷ்டமான விஷயம் இதுதான். மேலே சொன்ன கடைக்கு வாரம் ஒருமுறை சாமான் எடுக்க 2 இலட்சம் ரூபா முதல் வேண்டும். 100 குடும்பமும் ஆளுக்கு 2,000 ரூபா பங்கு போட்டால் அது சரியாக வரும். ஆனால் 40 குடும்பம் ஆளுக்கு 5,000 ரூபா கடன் வாங்கினால், அந்த 2 இலட்சமும் கொப்பிக்குள் போய்விடும். இறாக்கையில் அரிசி இருக்காது. கைக்காசு கொண்டு வருகிறவரும் திரும்பிப் போவார். கூட்டுறவுக் கடைகள் பல இப்படித்தான் மூடப்பட்டன.

"அப்போ இருபதாம் திகதிக்கு மேல நாங்க என்ன சாப்பிடுறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வழி முன்பண அட்டை. சம்பளத்தன்று முடிந்த தொகையைக் கடையில் கட்டி அட்டையில் பதிந்துகொண்டு, மாதம் முழுவதும் அதிலிருந்து வாங்கலாம். ஆரம்பத்தில் மாவுக்கும் பருப்புக்கும் மட்டும் கட்டினாலும் போதும். சுகவீனம், சாவு வீடு போன்ற அவசரங்களுக்கு மிச்சத்திலிருந்து தனியாக ஓர் உதவி நிதி வைக்கலாம். அதைக் கடைக் கணக்கோடு கலக்கக் கூடாது.

பழைய கடைக்காரரோடு சண்டையும் வேண்டாம். கஷ்ட காலத்தில் அவரும் கொடுத்திருப்பார். அவருக்குரிய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடிப்பதே மரியாதை.

கணக்கு எல்லோர் கண்ணிலும்

விற்பனையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கணக்குப் பார்க்க வேண்டும். அது அவருக்கும் பாதுகாப்பு. அன்றன்று விற்ற பணத்தை அன்றே எண்ணி எழுதி, இருவர் கையெழுத்து வைக்கட்டும். மாதம் ஒருமுறை குழுவினர் சாமானை நிறுத்து எண்ணிப் பார்க்கட்டும். வரவு செலவைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடை வாசலில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும். தலைவருக்கோ குழுவில் உள்ளவருக்கோ தனிச் சலுகை வேண்டாம். ஒருவருக்கு ஒரு கிலோ மா கடன் போனால், மறுநாள் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பெரிய கடையாகத் தொடங்க வேண்டியதில்லை. மா, அரிசி, சீனி, பருப்பு, சவர்க்காரம் என்று ஐந்து சாமானோடு, வாரத்தில் மூன்று நாள் மாலையில் திறந்தாலும் போதும். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். கணக்குப் போடவும், திணைக்களத்துக்குக் கடிதம் எழுதவும் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். நாம் கூட வருவோம்.