கிட்னி கெட்டால் கால் ஏன் தளர்கிறது?

திருப்பூர் காதர்பேட்டையில் கடை வைத்திருப்பவரோ, பண்டல் தூக்குபவரோ, பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்காருபவரோ, நாள்பட்ட சிறுநீரக நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஓர் எண்ணைத்தான் மனப்பாடமாக வைத்திருப்பார்: கிரியேட்டினின். அது 3-லிருந்து 2.6-க்கு இறங்கினால் வீடே நிம்மதி அடையும். ஆனால் கிரியேட்டினின் உருவாவதே தசையில்தான். தசை கரைந்தாலும் அந்த எண் குறையும். பேன்ட் இடுப்பில் தளர்கிறது, படியேறினால் தொடை நடுங்குகிறது, கூடவே கிரியேட்டினினும் இறங்குகிறது என்றால் மகிழ வேண்டாம், டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடம்பில் நீர் கோத்தால் எடை குறையாமலே தசை போகும் என்பதால் எடை மெஷினையும் முழுதாக நம்ப முடியாது.

சிறுநீரகம் கழிவை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. ரத்தத்தில் சேரும் அமிலத்தை வெளியேற்றுகிறது. பாஸ்பரஸை அளவோடு வைக்கிறது. வெயிலிலும் உணவிலும் கிடைக்கும் வைட்டமின் டி-யை உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் பெரும்பாலும் அதுதான். இந்த மூன்று வேலையும் தடுமாறும்போது அடி விழுவது எலும்புக்கும் தசைக்கும்.

வைட்டமின் டி வேலை செய்யாவிட்டால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. கழுத்தில் தைராய்டை ஒட்டி, அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்து பாஸ்பரஸ் ஏறியதும் அவை ஹார்மோனைக் கூட்டிச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் எலும்பு வலிக்கும், சின்ன விழுதலிலும் முறியும். வெளியே வந்த கால்சியம் ரத்தக்குழாய்ச் சுவரில் படிவதும் உண்டு. அது இதயத்துக்கு ஆபத்து. "எலும்பு வலிக்குது" என்று மெடிக்கலில் கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்குவது இதனால்தான் தவறு. ஆட்டுக்கால் சூப்பும் கைகொடுக்காது. அதில் கால்சியம் சொற்பம், உப்பு அதிகம்.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைப்பது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் பலன். மதியச் சாப்பாட்டைக் கடையில் முடித்து, மாத்திரையை இரவு வீட்டுக்கு வந்து போட்டால் காசும் வீண், மாத்திரையும் வீண். டிபன் பாக்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் தின்பண்டம், கோலா ஆகியவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட் பருப்பில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் ஏறும். முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

தசை கரைவதற்கு ஒரு பெரிய காரணம் ரத்தத்தில் தேங்கும் அமிலம். அது தசைப் புரதத்தை உடைக்கத் தூண்டுகிறது. சோடியம் பைகார்பனேட் மாத்திரை தருவது இந்த அமிலத்தைச் சமன் செய்யத்தான். "வெறும் சோடா உப்புதானே" என்று நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த காரணம் பயம். "கிட்னிக்காரங்க புரதம் சாப்பிடக் கூடாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் ஒதுக்கி, ரசம் சாதத்தில் காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். டயாலிசிஸ் தேவைப்படாத நிலையில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு சுமார் 0.8 கிராம் புரதம் என்று 2024-இல் வந்த கேடிஐஜிஓ (KDIGO) அமைப்பின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. 60 கிலோ எடைக்கு 48 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கே தலைகீழ்: கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் இயந்திரத்தின் வழியே வெளியேறிவிடுகின்றன. பழைய பத்தியத்தையே டயாலிசிஸ் காலத்திலும் பிடித்துக்கொண்டிருப்பது உடம்பைப் பட்டினி போடுவதற்குச் சமம். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டரோ டயட்டீஷியனோ சொல்லட்டும்.

மூன்றாவது, அசையாமல் இருப்பது. இத்தாலியில் டயாலிசிஸ் நோயாளிகள் வீட்டிலேயே ஆறு மாதம் திட்டமிட்டு நடந்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களின் நடைத்திறன் தெளிவாகக் கூடியிருந்தது. உங்கள் கால் தசை எப்படி இருக்கிறது என்று கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை தளர்கிறது என்பதற்கு அறிகுறி என ஆசிய மருத்துவர் குழு 2019-இல் வகுத்திருக்கிறது.

வலி மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். தமிழக ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்கு லேபிள் இல்லாத மாத்திரைகள் தரப்படுவதாக 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் செய்தி வெளியிட்டது. அதேபோல் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஷிப்ட் முடிக்கும் பழக்கம், கெட்ட சிறுநீரகத்தை இன்னும் வேகமாகக் கெடுக்கும்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டினினோடு கால்சியம், பாஸ்பரஸ், பைகார்பனேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாற்காலியிலிருந்து எழ எத்தனை விநாடி ஆனது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.