குழந்தைக்கு ‘ஹை சேர்’ அவசியமா? வாங்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பெங்களூரு: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவடைந்து, தாய்ப்பாலுடன் இணை உணவு தொடங்கும் காலத்தில் பெற்றோர் முன் எழும் கேள்விகளுள் ஒன்று, ‘ஹை சேர்’ எனப்படும் உயர நாற்காலி வாங்க வேண்டுமா என்பது. ஆயத்த ஆடைத் தொழிலாளர்களும் மென்பொருள் ஊழியர்களும் அருகருகே வாழும் பெங்களூருவின் பொம்மனஹள்ளி போன்ற பகுதிகளில், வீட்டின் இடவசதி, செலவு, தாய் வேலைக்குத் திரும்பும் சூழல் ஆகியவையும் இக்கேள்வியுடன் சேர்ந்துகொள்கின்றன.

உயர நாற்காலி எந்தக் குழந்தைக்கும் கட்டாயமில்லை என்பதே இதற்கான சுருக்கமான பதில். உண்ணும் குழந்தைக்குத் தேவைப்படுவன நிமிர்ந்த நிலை, அசையாத ஆதாரம், ஊட்டுபவரின் முழுக் கவனம் ஆகிய மூன்று. இவற்றை நாற்காலியும் தரலாம். தாயின் மடியும் தரலாம். எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை முடிவு செய்ய உதவும் விவரங்கள் வருமாறு.

ஆறாம் மாதத்தின் முக்கியத்துவம்

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது என்றும், அதன்பின் தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே இணை உணவைத் தொடங்க வேண்டும் என்றும் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. தொடக்கத்தில் இரண்டு, மூன்று கரண்டி அளவே போதும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு 2 முதல் 3 வேளையும், ஒன்பது மாதத்துக்குப் பின் 3 முதல் 4 வேளையும் உணவு தர வேண்டும்.

பால் குடிக்கும் குழந்தை சாய்ந்த நிலையில் இருப்பது இயல்பு. ஆனால் மசித்த சோறு, பருப்பு, கேழ்வரகுக் கூழ் போன்ற கெட்டியான உணவுகளைப் படுத்த நிலையில் கொடுத்தால் அவை மூச்சுக்குழாய்க்குள் செல்லும் ஆபத்து உண்டு. காலில் கிடத்திப் பாலாடையால் பால் புகட்டிய பழக்கத்தை இணை உணவுக்கும் தொடரக் கூடாது. எனவே, உணவு தொடங்கும் நாளிலேயே குழந்தையை எப்படி, எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

குழந்தை உட்காரத் தயாரா?

நாற்காலி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது நாள்காட்டியை மட்டுமல்ல. குழந்தையின் வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து உலக சுகாதார அமைப்பு 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் 3.8 மாதம் முதல் 9.2 மாதத்துக்குள் துணையின்றி உட்காரத் தொடங்குகின்றனர். ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தை தனியாக உட்காரவில்லை என்பதாலேயே அதனிடம் குறை இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை.

இணை உணவு தொடங்க முழுமையாகத் தனித்து உட்கார வேண்டும் என்பதும் இல்லை. தலையும் கழுத்தும் நிலையாக நிற்க வேண்டும். சிறு ஆதாரத்துடன் உடல் நிமிர்ந்திருக்க வேண்டும். கரண்டியால் வைத்த உணவை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்க வேண்டும். உணவைப் பார்த்ததும் கை நீட்டுவதும் ஓர் அறிகுறி. உட்கார வைத்தவுடன் ஒருபுறம் சரிந்துவிடும் குழந்தையைப் பட்டையால் கட்டி நாற்காலியில் நிறுத்தி வைப்பது தீர்வாகாது. அத்தகைய குழந்தைக்குச் சில வாரங்கள் மடியே சிறந்த இருக்கை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், தலை நிற்காத குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

நாற்காலி எதற்காக உருவானது?

உயர நாற்காலியின் முதல் நோக்கம், குழந்தையைச் சாப்பாட்டு மேசையின் உயரத்துக்குக் கொண்டுவருவது. நார்வேயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக், தம் மகன் மேசையில் வசதியாக உட்கார முடியாததைக் கண்டு உருவாக்கிய ‘டிரிப் டிராப்’ நாற்காலி 1972-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. இருக்கைப் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் குழந்தையின் வளர்ச்சிக்கேற்ப மாற்றியமைக்கலாம் என்பதே அதன் சிறப்பு.

கால் வைக்கும் பலகை அழகுக்கானதன்று. பாதங்கள் அந்தரத்தில் தொங்கும்போது, குழந்தை தன் உடலை நிலைநிறுத்தவே பெரும் முயற்சி எடுக்க வேண்டியுள்ளது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றும் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கி, பாதங்கள் ஒரு பரப்பில் பதிந்திருந்தால் உடல் நிலையாகும். கைகள் உணவைத் தொடவும் எடுக்கவும் விடுபடும். விலை குறைந்த நாற்காலிகள் பலவற்றில் இந்தப் பலகை இருப்பதில்லை.

தரையில் உண்ணும் வீடுகளில்

மேசை உள்ள வீட்டில் உயர நாற்காலி குழந்தையைக் குடும்பத்தின் பந்தியில் சேர்க்கிறது. தரையில் பாய் விரித்து உண்ணும் வீட்டிலோ, அதே நாற்காலி குழந்தையை மற்றவர்களுக்கு மேலே தூக்கித் தனியாக வைக்கிறது. ஊட்டுபவர் நின்றுகொண்டே ஊட்ட வேண்டிவரும். பெற்றோரும் மூத்த குழந்தைகளும் மெல்லுவதையும் விழுங்குவதையும் அருகிலிருந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பும் குறையும்.

பொம்மனஹள்ளியின் குறுகிய தெருக்களில் உள்ள ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் இடமும் ஒரு கேள்வி. சாதாரண உயர நாற்காலி ஏறத்தாழ இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தை அடைக்கும். சமையலறையும் படுக்கும் இடமும் ஒன்றாக உள்ள வீட்டில், அது அடுப்புக்கோ மின்கம்பிக்கோ அருகில் வைக்கப்படும் ஆபத்து உண்டு.

இத்தகைய வீடுகளுக்கு மூன்று மாற்று வழிகள் உள்ளன. முதலாவது மடி: பெரியவர் சுவரில் சாய்ந்து அமர்ந்து, குழந்தையைத் தம் தொடைமீது சற்றுப் பக்கவாட்டில் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கையால் இடுப்பைத் தாங்கி ஊட்டலாம், குழந்தையின் முகமும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது தரை: நன்றாக உட்காரப் பழகிய குழந்தையைப் பாயில் அமர்த்தி, முன்னால் சிறு பலகையில் தட்டை வைக்கலாம். மூன்றாவது, தரையோடு ஒட்டிய, பட்டையுள்ள தாழ்வான இருக்கை.

இடுப்பில் வைத்துத் தெருவில் நடந்து நிலா காட்டி ஊட்டும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. குழந்தையோடு பேசி ஊட்டுவது அதன் நல்ல அம்சம். ஆனால் நடக்கும்போது குழந்தையின் உடல் அசைந்துகொண்டே இருக்கும். வேடிக்கையில் மூழ்கிய குழந்தை வாயில் இருப்பதைக் கவனிக்காது. உணவு கெட்டியாக ஆக, ஓரிடத்தில் அமர்ந்து ஊட்டும் பழக்கத்துக்கு மாறுவது பாதுகாப்பானது.

விழும் ஆபத்து

உயர நாற்காலியில் உள்ள பெரும் ஆபத்து விழுதல். 2003 முதல் 2010 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த நிகழ்வுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2013-ஆம் ஆண்டு வெளியானது. உயர நாற்காலி தொடர்பான காயங்களுடன் ஆண்டுக்குச் சராசரியாக 9,400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கு வந்தனர் என்றும், அவற்றில் 93 சதவீதம் விழுந்ததால் ஏற்பட்டவை என்றும் அது தெரிவித்தது. விழுவதற்கு முன் குழந்தை என்ன செய்தது எனப் பதிவான நிகழ்வுகளில், மூன்றில் இரண்டு பங்கில் குழந்தை நாற்காலியில் ஏறிக்கொண்டோ எழுந்து நின்றுகொண்டோ இருந்தது. பட்டை மாட்டப்படவில்லை, அல்லது சரியாக மாட்டப்படவில்லை என்பதையே இது காட்டுகிறது.

உலக சுகாதார அமைப்பின் ஆய்வின்படி, பற்றுக்கோட்டுடன் எழுந்து நிற்கும் திறன் 4.8 முதல் 11.4 மாதத்துக்குள் வருகிறது. அதாவது, நாற்காலி வாங்கப்படும் அதே மாதங்களில்தான் குழந்தை எழுந்து நிற்கவும் கற்றுக்கொள்கிறது. முன்னால் உள்ள தட்டுப்பலகை குழந்தையைப் பிடித்து நிறுத்தும் என நம்புவது தவறு. அந்த வேலை பட்டைக்கு உரியது. ஒவ்வொரு முறையும் பட்டை மாட்ட இயலாத வீட்டில் தரையே பாதுகாப்பானது.

விழுந்த குழந்தை மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, வலிப்பு ஏற்பட்டாலோ உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தெற்கு பெங்களூருவில் நிம்ஹான்ஸ் அருகே குழந்தைகளுக்கான இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் உள்ளது. 108 ஆம்புலன்ஸ் சேவையையும் அழைக்கலாம்.

எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம்?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடலியக்கம், தூக்கம் குறித்து உலக சுகாதார அமைப்பு 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தள்ளுவண்டி, உயர நாற்காலி போன்றவற்றில் குழந்தையைத் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது என அதில் கூறப்பட்டுள்ளது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கைப்பேசி, தொலைக்காட்சித் திரைகள் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது.

சமைக்கும்போதும் வீட்டிலிருந்தபடி அலுவலகப் பணி பார்க்கும்போதும் குழந்தையை ‘ஓரிடத்தில் இருத்தி வைக்க’ நாற்காலியைப் பயன்படுத்துவோர், இந்த வரம்பைக் கருத்தில் கொள்ள வேண்டும். தவழவும் புரளவும் தரை தேவைப்படும் வயது அது. நாற்காலி, உணவு வேளைக்கு மட்டுமே உரியது.

தாய் வேலைக்குத் திரும்பும்போது

2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம், சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. முதல் இரு குழந்தைகளுக்குப் பொருந்தும் இவ்விடுப்பில் 8 வாரங்கள் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். முழு விடுப்பையும் பிரசவத்துக்குப் பின் எடுக்கும் தாய்கூட, குழந்தைக்கு உணவு தொடங்கும் அதே ஆறாம் மாதத்தில் பணிக்குத் திரும்ப வேண்டியுள்ளது.

இதனால், பகல் வேளைகளில் ஊட்டும் பொறுப்பு பாட்டியிடமோ, பணிப்பெண்ணிடமோ, காப்பகத்திடமோ செல்கிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதையும் அதே திருத்தம் கட்டாயமாக்கியது. நாற்காலி வாங்குவதா என்ற முடிவில், உண்மையில் ஊட்டப்போகிறவர் யார் என்பது முக்கியம். முழங்கால் வலியால் தரையில் அமர முடியாத பாட்டிக்கு உயர நாற்காலி பெரும் உதவி. பல குழந்தைகளை ஒருவரே கவனிக்கும் காப்பகத்திலோ, நாற்காலியை விட ஒவ்வொரு குழந்தைக்கும் ஊட்டுவதற்கு ஆள் இருக்கிறாரா, ஊட்டும்போது எதிரே அமர்கிறாரா என்பதையே பெற்றோர் முதலில் கேட்டறிய வேண்டும். தொண்டையில் உணவு முழுமையாக அடைத்துக்கொண்ட குழந்தையால் அழவோ இருமவோ இயலாது. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே அது தெரியும்.

நாற்காலியா, முட்டையா?

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21), இந்தியாவில் 6 முதல் 23 மாத வயதுடைய குழந்தைகளில், போதிய வகைகளும் போதிய வேளைகளும் கொண்ட குறைந்தபட்ச உணவு பெறுவோர் 11.3 சதவீதம் மட்டுமே. வசதியான வீடுகளுக்கும் பொருந்தும் எச்சரிக்கை இது. குழந்தை எதில் உட்காருகிறது என்பதைவிட, தட்டில் என்ன இருக்கிறது என்பதே அதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது.

முட்டை ஒன்றின் விலை 7 ரூபாய் எனக் கொண்டால், 3,000 ரூபாய் நாற்காலியின் விலையில் 428 முட்டைகள் வாங்கலாம். நாளுக்கு ஒன்று வீதம், ஆறு மாதக் குழந்தைக்கு அது இருபதாவது மாதம் வரை போதுமானது. பணம் ஒன்றுக்கே இருக்கும் வீட்டில், முட்டை, பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றுக்கே முன்னுரிமை தர வேண்டும். கர்நாடகத்தில் குழந்தைகளுக்குத் தரப்படும் ‘ராகி சரி’, தமிழகத்தின் கேழ்வரகுக் கூழ் ஆகியவை சுண்ணாம்புச் சத்து மிக்கவை. எனினும் அவை மட்டுமே போதாது.

வாங்குவதென்றால் கவனிக்க வேண்டியவை

மேசையில் உண்ணும் குடும்பங்கள், தரையில் அமர இயலாத முதியோர் ஊட்டும் வீடுகள், இரட்டைக் குழந்தைகள் உள்ள வீடுகள் ஆகியவற்றுக்கு உயர நாற்காலி பயனுள்ளது. வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

• இடுப்பைச் சுற்றியும் கால்களுக்கு இடையிலும் அமையும் பட்டை இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2019 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயப் பாதுகாப்புத் தரமும் இதை வலியுறுத்துகிறது.

• கால்கள் அகன்று, தரையில் உறுதியாக நிற்க வேண்டும். சக்கரம் இருந்தால் அதைப் பூட்டும் வசதி வேண்டும்.

• பாதம் பதியும் பலகை இருக்க வேண்டும். அதன் உயரத்தை மாற்ற முடிந்தால் நல்லது.

• சுவரையோ மேசையையோ குழந்தை காலால் உந்தித் தள்ள முடியாத தொலைவில் நாற்காலியை வைக்க வேண்டும்.

• நடைவண்டியாகவும் மாற்றிக்கொள்ளலாம் என விற்கப்படும் நாற்காலிகளைத் தவிர்ப்பது நல்லது. விபத்துகள் காரணமாகக் குழந்தைகளுக்கான நடைவண்டிகளுக்குக் கனடா 2004-ஆம் ஆண்டே தடை விதித்தது.

• பழைய நாற்காலி வாங்கினால், பட்டையின் கொக்கியை இழுத்துப் பார்க்க வேண்டும். கொக்கி தானே திறந்துகொள்ளக்கூடும் என்பதால், ‘ஆன்டிலோப்’ நாற்காலிகளில் ஒரு பகுதியை 2012-ஆம் ஆண்டு திரும்ப அழைத்த ஐகியா நிறுவனம், மாற்றுப் பட்டைகளை இலவசமாக வழங்கியது.

வாங்குவதா என்பதில் குழப்பம் இருந்தால், சில வாரங்கள் மடியில் வைத்து ஊட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அதனால் குழந்தைக்கு எந்த இழப்பும் இல்லை. குழந்தை நன்றாக உட்காரத் தொடங்கி, ஊட்டுபவரின் முதுகோ முழங்காலோ வலிக்கத் தொடங்கும்போது நாற்காலி வாங்கினால் போதும். எங்கு அமர்த்தினாலும், குழந்தை வாயை மூடினால் நிறுத்துவதும், திறந்தால் தொடர்வதும், உண்டு முடிக்கும் வரை அருகிலேயே இருப்பதும் மாறாத விதிகள்.