சார்ஜில் இருக்கும் பேட்டரி தீப்பிடிப்பது ஏன்? தீயை அடக்கும் ஆராய்ச்சியில் கலக்கிய தமிழர்

பெட்ரோல் விலைக்கு பயந்து பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியவர்கள் பலர். அதில் சிலர் இப்போது பேட்டரிக்கு பயந்து ராத்திரி தூக்கத்தை தொலைத்து நிற்கிறார்கள்.

பயத்துக்கு காரணம் இல்லாமல் இல்லை. 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில் இரவு நேரத்தில் சார்ஜில் இருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. வீட்டை சூழ்ந்த புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் பரிதாபமாக இறந்தனர். அதே ஆண்டு நாட்டின் பல ஊர்களில் பேட்டரி வண்டிகள் அடுத்தடுத்து எரிந்தது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

அதற்காக பேட்டரி என்றாலே ஆபத்து என்று ஓட வேண்டியதில்லை. சட்டைப்பையில் இருக்கும் செல்போனிலும் இதே லித்தியம் பேட்டரிதான் இருக்கிறது. கோடிக்கணக்கான பேர் தினமும் சார்ஜ் போடுகிறார்கள். அப்படியென்றால் சில பேட்டரி மட்டும் எரிவது ஏன்? அதை தடுக்க விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள்? விவரம் வருமாறு:-

உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்கூட்டர் பேட்டரி என்பது ஒரே பொருள் அல்ல. பெட்டிக்குள் சின்னச்சின்ன ‘செல்’கள் ஏராளமாக அடுக்கி வைக்கப்பட்டு இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் ஒரு பிளஸ் பக்கம், ஒரு மைனஸ் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். தலைமுடியை விட மெல்லியது. இதெல்லாம் ஒரு திரவத்தில் ஊறிக்கிடக்கும்.

சார்ஜ் போடும்போது லித்தியம் அணுக்கள் பிளஸ் பக்கத்தில் இருந்து கிளம்பி, திரவத்தில் நீந்தி, தாளின் துளைகள் வழியாக மைனஸ் பக்கம் போய் உட்காரும். வண்டியை ஓட்டும்போது திரும்பி வரும். தினமும் வேலைக்கு போய் வீடு திரும்புவது மாதிரிதான்.

சிக்கல் எங்கே என்றால், அந்த திரவம் கிட்டத்தட்ட பெட்ரோல் மாதிரி. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதை தடுத்து நிற்பது அந்த மெல்லிய தாள் ஒன்றுதான்.

தாள் உருகினால் கதை முடிந்தது

அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ, வண்டி கீழே விழுந்து செல் நசுங்கினாலோ, தயாரிக்கும்போதே உள்ளே உலோகத்தூள் கலந்துவிட்டாலோ செல்லுக்குள் சூடு ஏறத்தொடங்கும். தாறுமாறாக சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் உள்ளே போய் உட்கார இடம் இல்லாமல் மேலே முள் முள்ளாக வளரும். அந்த முள் தாளை குத்திக்கிழிக்கும்.

சூடு சுமார் 130 டிகிரியை தொட்டதும் பிளாஸ்டிக் தாள் உருகும். பிளஸ்சும் மைனஸ்சும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளும். அவ்வளவுதான், உள்ளேயே ‘ஷார்ட் சர்க்யூட்’.

அதற்கு மேல் சூடு ஏற ஏற, பிளஸ் பக்கத்தில் இருக்கும் ரசாயனம் உடைந்து தன்னிடம் உள்ள ஆக்சிஜனை கக்கும். எரிய எண்ணெயும் உள்ளே, ஆக்சிஜனும் உள்ளே! அதனால்தான் பேட்டரி தீயை போர்வை போட்டு மூடினாலும் அணைவதில்லை. ஒரு செல்லின் சூடு பக்கத்து செல்லை கொளுத்தும். அது அதற்கு அடுத்ததை கொளுத்தும். பட்டாசு சரம் வெடிப்பது போல பெட்டி முழுவதும் பற்றிக்கொள்ளும்.

எக்ஸ்ரேயில் சிக்கியது

மூடிய செல்லுக்குள் நடப்பதை கண்ணால் பார்க்க முடியாதே என்று இயற்பியல் விஞ்ஞானிகள் கையை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழக கல்லூரியை சேர்ந்தவர்கள் பிரான்சில் உள்ள கிரனோபிள் நகரில் சக்திவாய்ந்த எக்ஸ்ரே எந்திரத்தின் முன்னால் பேட்டரி செல்லை வைத்து சூடேற்றினார்கள். உள்ளே நடந்ததை அதிவேகமாக படம் பிடித்தார்கள். 2015-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

படத்தை பார்த்தவர்கள் அசந்து போனார்கள். செல்லுக்குள் இருந்த செம்பு உருகி உருண்டை உருண்டையாக நின்றது. செம்பு உருகுவது என்றால் உள்ளே சூடு ஆயிரம் டிகிரியை தாண்டி இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. நடுவில் தாங்கி வைத்து செய்த செல், நிலைமை கைமீறும் வரை உருக்குலையாமல் நின்றது. தாங்கி இல்லாத செல்லின் மூடி பிய்த்துக்கொண்டு போனது. செல்லை எப்படி செய்கிறோம் என்பதிலேயே பாதி பாதுகாப்பு இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

தீயணைப்பு படை கொடுத்த எச்சரிக்கை

தீப்பிடிக்கும் பிரச்சினை இன்று நேற்று வந்தது அல்ல. லித்தியம் பேட்டரி பிறந்தபோதே கூடப்பிறந்தது.

1970-களில் அமெரிக்காவின் எக்சான் எண்ணெய் கம்பெனியில் ஸ்டான்லி விட்டிங்காம் என்ற விஞ்ஞானி லித்தியம் பேட்டரி செய்து பார்த்தார். அதில் லித்தியம் உலோகத்தை அப்படியே வைத்து இருந்தார். ஆராய்ச்சி கூடத்தில் அடிக்கடி தீ. ஓடி ஓடி அணைத்த தீயணைப்பு படையினர், “இனிமேல் தீயணைக்கும் ரசாயனத்துக்கு நீங்கள்தான் காசு தரவேண்டும்” என்று சொல்லும் அளவுக்கு போய்விட்டது.

1980-ம் ஆண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனப் கோபால்ட் ஆக்சைடை பிளஸ் பக்கத்தில் வைத்து 4 வோல்ட் எடுத்து காட்டினார். 1985-ம் ஆண்டு ஜப்பானின் அகிரா யோஷினோ மைனஸ் பக்கத்தில் லித்தியம் உலோகத்தை தூக்கிவிட்டு கரியை வைத்தார். வெடிபொருட்களை சோதிக்கும் இடத்துக்கு கொண்டு போய் பேட்டரி மேல் பெரிய இரும்புத்துண்டை போட்டார். ஒன்றும் ஆகவில்லை. லித்தியம் உலோகம் வைத்த பேட்டரி மேல் அதையே போட்டபோது ‘டமார்’ என்று வெடித்தது.

1991-ம் ஆண்டு சோனி கம்பெனி இந்த பேட்டரியை கடைக்கு கொண்டு வந்தது. விட்டிங்காம், குட்இனப், யோஷினோ மூவருக்கும் 2019-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனப்புக்கு வயது 97. நோபல் வாங்கியவர்களிலேயே அதிக வயதுக்காரர். 2023-ம் ஆண்டு, 100 வயதில் அவர் காலமானார்.

நோபல் மேடையில் தமிழர்

ஸ்டாக்ஹோம் நகரில் குட்இனப் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? தென் தமிழகத்தில் அமராபுரம் என்ற குக்கிராமத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம்!

மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்று, மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வேலை பார்த்தவர் இவர். பிறகு குட்இனப்பிடம் ஆராய்ச்சிக்கு சேர்ந்து அவருடன் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு போனார். அங்கேயே பேராசிரியர் ஆனார்.

கோபால்ட் விலை அதிகம். சூடு ஏறினால் ஆக்சிஜனை கக்கும் கெட்ட குணமும் அதற்கு உண்டு. இரும்போ மலிவு. ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடை வைத்தால் இரண்டரை வோல்ட் கூட தேறாது. 1980-களின் பிற்பகுதியில் மந்திரமும் குட்இனப்பும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். ஆக்சிஜன் தனியாக நிற்காமல், கந்தகத்தோடு கெட்டியாக கைகோர்த்து நிற்கும் இரும்பு சல்பேட்டை சோதித்தார்கள். வோல்டேஜ் ஒரே தாவாக 3.6-க்கு ஏறியது!

இந்த வழியில் போய்தான் 1997-ம் ஆண்டு குட்இனப்பின் குழு இரும்பு பாஸ்பேட் பேட்டரியை கண்டுபிடித்தது. அந்த குழுவில் இந்தியாவை சேர்ந்த பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோரும் இருந்தனர். ‘எல்.எப்.பி.’ என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பாஸ்பரஸ் இறுக்கி பிடித்து வைத்து இருப்பதால் சூட்டிலும் ஆக்சிஜன் லேசில் வெளியே வராது. எனவே தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு. ஆயுளும் அதிகம்.

குறை இல்லாமல் இல்லை. அதே தூரம் ஓட கொஞ்சம் கனமான பேட்டரி வேண்டும்.

கணக்கு வாத்தியார் வேலை

பெட்ரோல் டேங்க் என்றால் மூடியை திறந்து பார்க்கலாம். பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று எட்டிப்பார்க்க முடியாது. கணக்கு போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு தப்பினால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும். தீக்கு அதுவே பிள்ளையார் சுழி.

வீட்டில் கியாஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று இல்லத்தரசிகள் எப்படி சொல்கிறார்கள்? மாட்டி எத்தனை நாள் ஆச்சு என்று ஒரு கணக்கு. சிலிண்டரை ஆட்டிப்பார்த்து இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்து முடிவுக்கு வருவார்கள். ருடால்ப் கால்மன் என்ற அறிஞர் 1960-ம் ஆண்டு இதற்கு பக்காவான கணிதமே எழுதி வைத்தார். சந்திரனுக்கு போன அப்பல்லோ விண்கலம் வழி தவறாமல் போக அது உதவியது. அதே கணக்கு இன்று பேட்டரிகளுக்குள் இருக்கும் ‘பி.எம்.எஸ்.’ என்ற காவல்கார சர்க்யூட்டிலும் பயன்படுகிறது. வோல்டேஜ், கரண்ட், சூடு மூன்றையும் பார்த்து, நிலைமை சரியில்லை என்றால் இது சார்ஜை துண்டித்து விடும்.

எந்த செல் சீக்கிரம் சாகும் என்று ஜோசியம் சொல்லவும் கணக்கு வந்துவிட்டது. 2019-ம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு, எம்.ஐ.டி. நிபுணர்கள் இரும்பு பாஸ்பேட் செல்கள் 124-ஐ எடுத்து சோதித்தார்கள். சில செல் 150 தடவை சார்ஜிலேயே தேய்ந்தது. சில 2 ஆயிரத்து 300 தடவை வரை தாங்கியது. முதல் 100 தடவை விவரத்தை மட்டும் கம்ப்யூட்டருக்கு கொடுத்தபோது, ஒவ்வொன்றின் ஆயுளையும் சுமார் 9 சதவீத வித்தியாசத்தில் அது முன்கூட்டியே சொல்லிவிட்டது.

அடுத்து வருவது உப்பு

லித்தியத்துக்கு பதிலாக சோடியம் பேட்டரியும் களத்தில் குதித்து இருக்கிறது. சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே சோடியம்தான். உலகில் கொட்டிக்கிடக்கிறது. சீனாவின் சி.ஏ.டி.எல். கம்பெனி 2021-ம் ஆண்டு இதை அறிமுகம் செய்தது. சார்ஜை சுத்தமாக இறக்கிவிட்டு லாரியில் ஏற்றலாம் என்பது பெரிய வசதி. ஆனால் எடை அதிகம். ‘தீயே பிடிக்காது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரணமாக இதிலும் எரியும் திரவம் உண்டு.

திரவத்தையே தூக்கிவிட்டு கெட்டிப்பொருள் வைக்கும் ஆராய்ச்சியும் தீவிரமாக நடக்கிறது. அதிலும் அந்த லித்தியம் முள் பீங்கான் மாதிரி பொருளையே விரிசல் விட வைத்து தலைவலி கொடுக்கிறது. நம்ம ஊரில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. வள்ளல் அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி, 1953-ம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் இது.

சட்டம் என்ன சொல்கிறது?

2022-ல் நடந்த விபத்துகளுக்கு பிறகு மத்திய அரசு ‘ஏ.ஐ.எஸ். 156’ என்ற விதியை கடுமையாக்கியது. 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக இது அமலுக்கு வந்தது. காவல்கார சர்க்யூட், தானாக நிற்கும் சார்ஜர், செல்களுக்கு இடையே போதிய இடைவெளி ஆகியவை வேண்டும். ஒரு செல் எரிந்தால் மற்றவை என்ன ஆகிறது என்ற சோதனையும் உண்டு.

25 கிலோமீட்டர் வேகத்தை தாண்டாத, 250 வாட்டுக்கும் குறைவான சின்ன வண்டிகளுக்கு பதிவும் லைசென்சும் தேவை இல்லை. விலை குறைவு என்று இதை வாங்குகிறவர்கள், பேட்டரிக்கு சோதனை சான்று இருக்கிறதா, எல்.எப்.பி.யா என்று கேட்டு வாங்குவது நல்லது.

உஷார்... உஷார்...

* வீட்டு வாசலிலும் மாடிப்படி அடியிலும் சார்ஜ் போடக்கூடாது. தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியே அடைபட்டுப்போகும்.

* எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். விழித்து இருக்கும்போது போட்டு எடுத்துவிட வேண்டும்.

* வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாமல், சூடு ஆறிய பிறகு போட வேண்டும்.

* கம்பெனி கொடுத்த சார்ஜர் மட்டுமே. பழைய பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது.

* பேட்டரி உப்பினாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ, தண்ணீரில் மூழ்கினாலோ மெக்கானிக்கிடம் காட்டாமல் தொடக்கூடாது. காசு மிச்சம் என்று பழைய செல்லை கோர்த்து தரும் பேட்டரி வாங்கக்கூடாது.

* புகை வந்தால் வண்டியை காப்பாற்ற போகக்கூடாது. அந்த புகை விஷம். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து 101-க்கு போன் செய்ய வேண்டும். அணைந்த பேட்டரி மணிக்கணக்கு கழித்து மறுபடியும் பற்றலாம். கிட்டே போகக்கூடாது.

விஞ்ஞானிகள் 50 வருடமாக மல்லுக்கட்டி தீயை பெருமளவு அடக்கி இருக்கிறார்கள். மிச்சம் இருப்பதை அடக்குவது சார்ஜ் போடுகிறவர் கையில் இருக்கிறது. வண்டி போனால் இன்னொன்று வாங்கலாம். உயிரை எந்த கடையிலும் வாங்க முடியாது.