மிளகுக் கோழியும் கவுனி அரிசியும் மரபணுவும்

காரைக்குடியில் மிளகுக் கோழிக்கு மசாலா அரைத்த கையில் நகக்கண்ணோரம் மஞ்சள் ஏறியிருக்கும். சோப்புக்கும் போகாத அந்த நிறம் குர்குமின். மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்குதான் அது. 2004இல் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் தபஸ் குண்டுவின் குழு, இந்தக் குர்குமின் பி300 என்ற நொதியின் வேலையைத் தடுப்பதாகக் காட்டியது. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலமும் அதே வேலையைச் செய்வதை அதற்கு முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார்கள்.

அப்படி என்ன வேலை அது? ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்டாங்கிச் சேலைக்குத் தாரில் நூல் சுற்றுவதுபோல, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் டிஎன்ஏ சுற்றியிருக்கிறது. டிஎன்ஏவுக்கு எதிர்மின்னேற்றம், ஹிஸ்டோன் வாலிலுள்ள லைசினுக்கு நேர்மின்னேற்றம். அதனால் இரண்டும் இறுக ஒட்டிக்கொள்கின்றன. இறுகிக் கிடக்கும் மரபணுவை யாராலும் படிக்க முடியாது. பி300 வந்து லைசின் மேல் அசிட்டைல் என்ற துணுக்கை ஏற்றுகிறது. இரண்டே கார்பன் அணு! அதற்கே நேர்மின்னேற்றம் போய்விடுகிறது, பிடி தளர்கிறது, மரபணு பேச ஆரம்பிக்கிறது. வேறு நொதிகள் அந்தத் துணுக்கைக் கழற்றினால் மறுபடி வாய்மூடிக்கொள்ளும்.

1964லேயே நியூயார்க்கில் வின்சென்ட் ஆல்ஃப்ரி இதை ஊகித்துவிட்டார். பெரிதாக யாரும் சட்டைபண்ணவில்லை. 1996இல் டேவிட் ஆலிஸ் குழு டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் குளத்து உயிரியிலிருந்து அசிட்டைலை ஏற்றும் நொதியைப் பிரித்தபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறு ஆண்டே, புற்றுநோய் வராமல் காவல் காக்கும் பி53 புரதத்தின் மேலும் பி300 அசிட்டைலை ஏற்றுவது தெரிந்தது. ஹிஸ்டோனோடு முடிகிற கதை அல்ல இது.

இதைப் படித்துவிட்டு மஞ்சளை அள்ளிப் போட வேண்டாம். குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவதே அபூர்வம். மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் சுமார் 20 மடங்கு கூடுதலாக ஏறுகிறது என்று 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் கண்டார்கள். செட்டிநாட்டுச் சமையற்கட்டு மீசை முறுக்கலாம். ஆனால் அவர்கள் கொடுத்த குர்குமின் 2 கிராம். அதற்கு மஞ்சள் தூள் 60 கிராமுக்கு மேல் வேண்டும். எந்த ஆச்சியும் குழம்பில் அவ்வளவு போடமாட்டார்.

என் ஓட்டு மஞ்சளுக்கு அல்ல, பெரிதாகப் பேர்பெறாத ஒரு பொருளுக்கு: தவிடு. பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லும் கவுனி அரிசியின் கறுப்புத் தோலிலும் பயறுகளிலும் உள்ள நார் செரிக்காமல் பெருங்குடல்வரை போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் தருகின்றன. அசிட்டைலைக் கழற்றும் நொதிகளை இது தடுக்கும். நலமான குடல் செல்கள் இதை எரிபொருளாகவே தீர்த்துவிடுகின்றன. புற்றுச் செல்களோ சர்க்கரையைத்தான் அதிகம் எரிக்கின்றன. ஆகவே பியூட்டிரேட் அவற்றின் உட்கருவில் சேர்ந்து, ஹிஸ்டோன்களில் அசிட்டைலைக் கூட்டி, பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் கண்டது இது.